ஈறோரத்துப் பல் அடைப்பு: எந்தப் பிடிமானம் நிற்கிறது?



சென்ற பல் மருத்துவ முகாமுக்கு வந்திருந்த தையல்காரப் பெரியவர் ஒருவர், டாக்டரிடம் போவதற்கு முன் என் மேசைக்கு வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தார். பிரித்துப் பார்த்தால் அரிசி அளவில் வெள்ளையாய் ஒரு துண்டு. “தம்பி, இது டிரஸ்ட் காசுல அடைச்ச பல்லு. ஒரு வருசத்துக்குள்ள ரெண்டாந்தடவையா விழுந்துடுச்சு. மறுபடி வந்து கேக்கவே கூச்சமா இருக்கு” என்றார். பல் கூச்சத்துக்காக அடைத்துக்கொண்டவர், கேட்கக் கூச்சப்பட்டு மூன்று மாதமாகக் குளிர்ந்த தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. ஈறை ஒட்டிய இடத்தில் அடைத்த பற்கள்தான் அதிகம் திரும்பி வருகின்றன என்பது நம் பதிவேட்டைப் புரட்டினாலே தெரிகிறது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், “ஈறோர அடைப்புக்கு இனிமேல் பணம் கொடுப்பதை நிறுத்திவிடலாம், விழுவதற்கென்றே அடைக்கிறார்கள்” என்றார். அவர் சொன்னதைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஜகாத்தும் ஸதகாவும் நம் கையில் இருக்கும் அமானிதம். ஆனால் எல்லா அடைப்பும் விழுகிறதா, அல்லது ஒருவகையாக ஒட்டியது மட்டும் விழுகிறதா என்று பாராமல் நிறுத்துவதும் நியாயமாகப் படவில்லை. ஒரு மாதம் தவணை கேட்டேன். நம் முகாமுக்கு வரும் பல் டாக்டர் சில ஆய்வுக் கட்டுரைகளைக் கொடுத்து, புரியாத இடங்களை உட்கார வைத்து விளக்கினார். நான் மருத்துவன் அல்லன். அவரிடம் படித்த பாடத்தைத்தான் எழுதுகிறேன்; எழுதியதை அவரே ஒருமுறை பார்த்துத் திருத்தியும் கொடுத்தார்.

முதலில் அந்தப் பொட்டலம். டாக்டர் துண்டைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். உடைசல் ஏதுமில்லை. பல்லின் குழி எப்படியோ அப்படியே அச்சாக, நகக்கண்போல் வழவழப்பாக இருந்தது. “அடைப்பு உடையவில்லை, தேயவில்லை. பசை விட்டிருக்கிறது” என்றார். சிமெண்ட் மட்டமானது என்றுதான் நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். குற்றம் சிமெண்டில் இல்லை, அதைப் பல்லோடு பிணைத்த விதத்தில் இருந்தது.

இந்தக் குழிகள் பெரும்பாலும் சொத்தையால் வருவதில்லை. பல்லும் ஈறும் சந்திக்கும் இடத்தை டாக்டர்கள் பல்லின் கழுத்து என்பார்கள். அங்கே ஆப்பு வைத்து வெட்டியதுபோல ஒரு பள்ளம் விழும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். கடினமான பிரஷ்ஷைக் குறுக்கே போட்டு அறுப்பது, கரித்தூள், செங்கல் பொடி, உப்பு கொண்டு தேய்ப்பது, புளிப்பையும் குளிர்பானத்தையும் அடிக்கடி பருகுவது, நெஞ்செரிச்சலால் வயிற்றின் அமிலம் வாய்க்கு ஏறுவது, உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது என்று காரணங்கள் பல, அவை ஒன்றோடொன்று சேர்ந்தே வேலை செய்கின்றன. கடிக்கும் விசையில் பல் நுணுக்கமாக வளைந்து கழுத்தில் துகள் துகளாய்ப் பெயர்கிறது என்றும் ஒரு கருத்து உண்டு; அதற்கு எவ்வளவு பங்கு என்பதில் டாக்டர்களுக்குள் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. பல் தேய்ப்பதால் வந்ததா என்று பார்க்கச் சின்ன அடையாளம் ஒன்று சொன்னார்கள்: வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கக் கோரைப்பல்லிலும் அதற்கடுத்த இரண்டு பற்களிலும்தான் பள்ளம் ஆழமாக இருக்கும், கை வாகாக அழுந்துவது அங்கேதான். எனக்கும் அங்கேதான் இருக்கிறது.

சரி, அந்த இடத்தில் அடைப்பு ஏன் நிற்பதில்லை? கடைவாய்ப் பல்லில் சொத்தை எடுத்து அடைக்கும்போது சுற்றிலும் சுவருள்ள ஒரு பெட்டி கிடைக்கிறது. ஆட்டுக்கல் குழியில் மாவு கிடப்பதுபோல, அடைப்பு பாதி தன் வடிவத்தாலேயே உட்கார்ந்துகொள்ளும். ஈறோரக் குழி அப்படியல்ல. தட்டுபோல் திறந்து கிடக்கிறது. சுவரில் சுண்ணாம்பு அப்புவதுபோல அங்கே அப்பியாக வேண்டும். பிடித்துக்கொள்ளப் பசையைத் தவிர வேறொன்றும் கிடையாது. இதனாலேயே, புதிதாக ஒரு பல் பசை வந்தால் அதைச் சோதிக்க உலகெங்கும் ஆய்வாளர்கள் இந்தக் குழியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பசை தோற்றால் அடைப்பு விழுந்துவிடும், மறைக்க வழியில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் பசைகளுக்கு வைத்த அளவுகோலும் இந்தக் குழியைக் கொண்டதுதான்: 6 மாதத்தில் 100க்கு 5க்கு மேலும், 18 மாதத்தில் 100க்கு 10க்கு மேலும் விழக்கூடாது. நம் தையல்காரப் பெரியவருடைய அடைப்பு ஒருமுறைகூட அந்தப் 18 மாதத்தைத் தொடவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தக் குழியின் மேல்விளிம்பு ஒரு நிலம், கீழ்விளிம்பு வேறொரு நிலம். மேலே இருப்பது எனாமல். எடையில் 100க்கு 96 பங்கு தாது, காய்ந்த கல் மாதிரி. ஈறை ஒட்டிய பக்கத்தில் எனாமல் இல்லை, டென்டின்தான். அதில் தாது சுமார் 70 பங்கு, மீதி கொலாஜன் என்ற நாரும் தண்ணீரும். பல்லின் உயிர்ப்பகுதியிலிருந்து நுண்ணிய குழாய்கள் அதன் வழியே வருகின்றன, அவற்றில் எப்போதும் நீர் கசிந்துகொண்டிருக்கும். வயதானவர்களுக்கோ பல வருடத் தேய்மானத்தில் அந்த டென்டினின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்து இறுகிவிடும். குழாய் வாய்கள் தாதுவால் அடைந்துபோயிருக்கும், பசை உள்ளே இறங்க இடமிராது. போதாததற்கு ஈறின் ஓரத்திலிருந்தும் ஈரம், சில சமயம் இரத்தம். எச்சில் சொல்லவே வேண்டாம். ஒரே பசை காய்ந்த கல்லையும் ஈரமான தோலையும் ஒருசேரப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கல்லைப் பிடிக்கும் வழி முதலில் கிடைத்தது. 1955ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் மைக்கேல் புவனகோர் என்பவர் எனாமலில் 85 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தை 30 வினாடி வைத்துக் கழுவினால் ரெசின் கெட்டியாக ஒட்டுவதைக் காட்டினார். இரும்பில் பெயிண்ட் பிடிக்க அமிலம் பூசும் தொழிற்சாலை வழக்கத்திலிருந்து அவருக்கு வந்த யோசனை அது. அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை அரிக்கிறது, ரெசின் அந்தத் துளைகளுக்குள் வேர்விட்டு இறுகுகிறது. இன்றைக்கு டாக்டர் நீலநிற ஜெல் ஒன்றைப் பல்லில் வைத்து, கால் நிமிடத்தில் கழுவுகிறாரே, அதே அமிலம்தான், சுமார் 37 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

டென்டினில் இந்த வித்தை லேசில் பலிக்கவில்லை. அமிலம் தாதுவைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது கொலாஜன் நார் வலை. ரெசின் அந்த வலைக்குள் ஊறி இறுகி, பல்லும் பிளாஸ்டிக்கும் கலந்த ஓர் அடுக்காக மாறினால்தான் பிடிமானம். அப்படி ஓர் அடுக்கு உண்டாவதை ஜப்பானின் நகபயாஷி 1982ல் விளக்கினார். இங்கேதான் கைப்பக்குவம் வருகிறது. அமிலத்தைக் கழுவிய பிறகு காற்றடித்து நன்றாகக் காயவைத்தால் நார் வலை, தண்ணீர் வடிந்த பாசிபோல் படிந்துவிடும், ரெசின் நுழையாது. ஈரம் அதிகமாக இருந்தாலோ ரெசின் தண்ணீரோடு கலந்து இளகிவிடும். ஈரப்பதம் இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. எனாமலுக்குக் காய்ந்திருக்க வேண்டும், டென்டினுக்குக் காயக்கூடாது. கூட்டம் நெருக்கும் முகாமில், பிளாஸ்டிக் நாற்காலியில் தலையை அண்ணாந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் வாயில் இதைச் சாதிப்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த அமிலம் வைத்துக் கழுவும் முறையில் இரண்டு வகை. அமிலம், பிரைமர், ரெசின் என்று மூன்றையும் தனித்தனியாகப் பூசுவது பழையது, நேரம் பிடிக்கும். பிரைமரையும் ரெசினையும் ஒரே குப்பியில் கலந்து இரண்டு படியாகச் சுருக்கியது பிந்தையது. நம்மிடமிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு இதுவரை அதிகம் போடப்பட்டது இந்த இரண்டு படி முறைதான் என்று விசாரித்ததில் தெரிந்தது.

அடுத்தது, கழுவாத முறை. இதில் தனி அமிலம் கிடையாது. பசையே இலேசான அமிலத் தன்மை உடையது, அரித்துக்கொண்டே ஊறிவிடும். கழுவிக் காயவைக்கும் தலைவலி இல்லை. இந்த வகையிலும் கடுமையானது, மிதமானது என்று பேதம் உண்டு. கடுமையானது டென்டினின் தாதுவை முழுக்கக் கரைத்துவிடுகிறது. மிதமானது நாரைச் சுற்றிக் கொஞ்சம் தாதுவை விட்டுவைக்கிறது, அதிலுள்ள எம்.டி.பி. போன்ற மூலக்கூறு அந்தத் தாதுவின் கால்சியத்தோடு இரசாயனமாகவே கைகோத்துக்கொள்கிறது. குறை என்னவென்றால் மிதமான பசை எனாமலைப் போதிய அளவு அரிக்காது. அதனால் எனாமல் விளிம்பில் மட்டும் ஜெல் வைத்துக் கழுவிவிட்டு, டென்டினை இந்தப் பசைக்கு விட்டுவிடுவது நல்ல வழக்கம் என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் அடைத்த ஒரு படிப் பசையும் இருக்கிறது. அவசரத்துக்கு வசதி. ஆனால் தண்ணீரோடு உறவாடும் பொருள்கள் அதில் அதிகம் என்பதால் இறுகிய பின்னும் ஈரத்தை உறிஞ்சுகிறது.

மூன்றாவது கிளாஸ் அயனோமர். டாக்டர்கள் சுருக்கமாக ஜி.ஐ.சி. என்பார்கள். லண்டனில் வில்சன், கென்ட் என்ற இருவர் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டது. இது பசை வேறு அடைப்பு வேறு அல்ல. கண்ணாடித் தூளையும் ஓர் அமிலக் கரைசலையும் குழைத்து வைத்தால் அதுவே பல்லின் கால்சியத்தைப் பற்றிக்கொள்கிறது. சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்குவது ஏறக்குறைய பல்லின் அளவுக்கே. ஃபுளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாய் விடும். ரெசினும் கலந்து, லைட் அடித்தால் உடனே இறுகும் வகையும் உண்டு. வழவழப்பிலும் நிறப் பொருத்தத்திலும் காம்போசிட் அளவுக்கு வராது, மேற்பரப்பு சீக்கிரம் தேயும், சொரசொரப்பாகும். சிரித்தால் தெரியும் முன்பல்லுக்கு இளைஞர்கள் இதை விரும்ப மாட்டார்கள்.

இனி எண்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்லீன் பியூமன்ஸ் குழுவினர், நோயாளிகளின் வாயில் நடந்த சோதனைகளை மட்டும் உலகெங்குமிருந்து திரட்டி 2014ல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சொத்தையில்லாத ஈறோரக் குழிகளில், ஆண்டுக்குச் சராசரியாக 100க்கு எத்தனை அடைப்பு விழுந்தது என்பது கணக்கு. கிளாஸ் அயனோமர் 2.0. மிதமான, கழுவாத இரண்டு படிப் பசை 2.5. பழைய மூன்று படி முறை 3.1. மிதமான ஒரு படி 3.6. கடுமையான ஒரு படி 5.4. அமிலம் வைத்துக் கழுவும் இரண்டு படி முறை 5.8. கடுமையான, கழுவாத இரண்டு படி 8.4.

2க்கும் 5.8க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். தோராயமாகப் பெருக்கிப் பார்த்தால் போதும். 100 பேருக்கு அடைக்கிறோம். ஐந்து வருடத்தில் முதல் முறையில் 10 பேர் திரும்பி வருவார்கள், மற்றதில் 29 பேர். அந்த 19 பேருக்கு மறுபடி பேருந்துச் செலவு, ஒரு நாள் கூலி, நமக்கு மறுபடி செலவு. அதற்கு மேலும் ஒன்றுண்டு. இந்தச் சோதனைகள் பெரும்பாலும் பல்கலைக்கழக மருத்துவமனைகளில், தேர்ந்த கைகளால், எச்சில் புகாமல் காத்து நடந்தவை. ஒரே முறைக்குள்ளேயே ஒரு சோதனைக்கும் இன்னொன்றுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்ததையும் அதே ஆய்வு காட்டுகிறது. கைப்பக்குவத்தை நம்பியிருக்கும் முறை, பக்குவம் குறைந்த சூழலில் இதைவிட மோசமாகத்தான் போகும் என்பது என் கணிப்பு. கிளாஸ் அயனோமர் கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் என்பதே நம்மைப்போன்ற இடத்தில் அதன் பெரிய பலம்.

ஒட்டிய அன்றே கெட்டியாக இருப்பது போதாது என்பதையும் படித்தேன். ரெசின் சரியாக ஊறாமல் விட்டுப்போன நாரை, பல்லிலேயே உறங்கிக் கிடக்கும் நொதிகள் மெல்ல அரிக்கின்றன. தண்ணீர் புகுந்து ரெசினையும் இளக்குகிறது. அதனால்தான் ஆறு மாதத்தில் எல்லாப் பசையும் நல்ல பசையாகத் தெரிகிறது, மூன்றாம் ஐந்தாம் வருடத்தில்தான் சாயம் வெளுக்கிறது. “புது மாடல் பசை வந்திருக்கிறது” என்று விற்பனையாளர் சொன்னால் எத்தனை வருடச் சோதனை என்று கேட்க வேண்டியது இதற்காக.

இவற்றையெல்லாம் வைத்துக் குழு எடுத்த முடிவு இது. ஈறோர அடைப்புக்கு உதவி தொடரும். ஆனால் எல்லாப் பள்ளத்தையும் அடைக்க வேண்டியதில்லை. ஆழமில்லாமல், கூச்சமில்லாமல் இருந்தால் பார்த்துக்கொண்டு வந்தால் போதும் என்று டாக்டரே சொல்கிறார். அடைக்க வேண்டியதானால் கடைவாய்ப் பக்கத்திலும், ஈரத்தை அடக்க முடியாத இடத்திலும் லைட் அடிக்கும் கிளாஸ் அயனோமர். முன்பல்லில் காம்போசிட் வேண்டுமென்றால் மிதமான இரண்டு படிப் பசை அல்லது பழைய மூன்று படி, அதுவும் முகாமில் அல்ல, கிளினிக்கில். நாம் அனுப்பும் சீட்டில் இனி இதை எழுதியே அனுப்புகிறோம். சில டாக்டர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். எந்தக் குப்பியை எடுப்பது என்பது கடைசியில் அவர்கள் பொறுப்புத்தான். காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

நாற்காலியில் உட்காருபவருக்கும் வேலை உண்டு. பஞ்சை வைத்த பிறகு பேசாதீர்கள், நாக்கால் தொட்டுப் பார்க்காதீர்கள். ஒரு துளி எச்சில் பட்டால் டாக்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஈறு வீங்கி இரத்தம் கசிகிறதென்றால் முதலில் பற்களைச் சுத்தம் செய்து ஈறு ஆறிய பின் வரச் சொல்வார்கள். அதை அலைக்கழிப்பு என்று கோபப்பட வேண்டாம். பளபளத்த டென்டினை அடைப்பதற்கு முன் இலேசாக உரசிச் சொரசொரப்பாக்குவார்கள், சுருக்கென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்க்க ரீதியாக அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள். அடைத்த பல்லோடு கடமையான குளிப்பு நிறைவேறுமா? வாய் கொப்பளிப்பது ஹனஃபி மத்ஹபில் குளிப்பின் ஃபர்ளு, ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத். சிகிச்சைக்காக நிலையாக ஒட்டப்பட்டு, சிரமமின்றிக் கழற்ற முடியாத அடைப்பின் மேல் தண்ணீர் பட்டாலே போதும், குளிப்பு நிறைவேறும் என்றுதான் நம் உலமாக்கள் சொல்கிறார்கள். நோன்பு வைத்துக்கொண்டு அடைக்கலாமா? 1997ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, தொண்டைக்குள் எதையும் விழுங்காத வரை பல் அடைப்பதால் நோன்பு முறியாது என்று முடிவு சொன்னது. ஆனாலும் ஈறோர வேலையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டியிருக்கிறது. அவசரமில்லையென்றால் ரமளானுக்குப் பிறகோ இரவிலோ வைத்துக்கொள்வது மனதுக்கு நிம்மதி.

பள்ளத்தைத் தோண்டிய கை மாறாவிட்டால் எந்தப் பசையும் அதைச் சுற்றி மறுபடி தோண்டுவதைத் தடுக்காது. மென்மையான பிரஷ், ஈறிலிருந்து பல் நுனிப் பக்கமாக. கரியும் செங்கல் பொடியும் வேண்டாம். மிஸ்வாக் நபி (ஸல்) அவர்கள் பெரிதும் வலியுறுத்திய சுன்னத். அதை விடச் சொல்லவில்லை. ஆனால் மெல்லாத கட்டை முனையால் ஈறோடு சேர்த்துக் குறுக்கே இழுப்பவர்கள் நம்மில் நிறைய இருக்கிறார்கள். நுனியை ஊறவைத்து, நார் பஞ்சாகும் வரை மென்று, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். நார் கடினப்பட்டதும் அந்த நுனியை வெட்டிவிட வேண்டும்.

தையல்காரப் பெரியவருக்கு இந்த முறை கிளாஸ் அயனோமர் வைத்திருக்கிறது. 6 மாதத்தில் ஒருமுறை, 18 மாதத்தில் ஒருமுறை வந்து காட்டும்படி அவருக்கும், இனி அடைத்துக்கொள்ளும் எல்லோருக்கும் சீட்டில் தேதி எழுதிக் கொடுக்கிறோம். விழுந்தால் வெட்கப்படாமல் வாருங்கள், விழுந்த துண்டு கிடைத்தால் எறியாமல் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வாருங்கள். அதன் அடிப்பக்கத்தை டாக்டர் பார்க்க வேண்டும்.